அக்காவுக்குச் சொல்லப்பட்ட காரணம்

எங்கள் பக்கத்தில் வயிற்றுவலி என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. பண்ருட்டிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் கைமருந்து சொல்ல மாட்டார், அப்பர் கதையைச் சொல்வார். நாவுக்கரசர் பிறந்த திருவாமூர், தருமசேனர் என்ற பெயரில் சமண மடத்தில் இருந்த பாடலிபுத்திரம் எனும் திருப்பாதிரிப்புலியூர், சூலை தீர்ந்த திருவதிகை, மூன்றும் எங்கள் கடலூர் மாவட்டத்துக்குள்தான். திருவதிகை எங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. அதனால் கதை எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும். தம்பி சமணத்துக்குப் போனார், ஈசன் சூலையைக் கொடுத்து இழுத்து வந்தார், அக்கா திருநீறு கொடுத்தார், பதிகம் பாடினார், வலி போயிற்று. சொல்லி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். நீ எங்கே போயிருந்தாய், உன்னை எதற்கு இழுக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

நான் எங்கும் போகவில்லை. முந்திரி மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவன். பிரதோஷத்துக்குப் போவேன். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசைக்குப் பந்தியில் இலை போட்டிருக்கிறேன். பெரிய பக்திமான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் இழுத்து வரவேண்டிய தூரத்தில் இருந்ததில்லை.

என் நோய்க்குத் தமிழில் பெயர் கிடையாது. ஸ்க்லீரோசிங் மெசென்டெரைட்டிஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கொழுப்பு மடிப்பு ஒன்று எல்லோருக்கும் உண்டு, அதுதான் மெசென்டரி. குடலுக்கு இரத்தம் போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். அந்தக் கொழுப்பில் அழற்சி வந்து, நாள்பட நாள்பட அது தழும்பாக இறுகும். இறுகினால் குடலையும் இரத்தக்குழாய்களையும் இழுத்து நெருக்கும். ஜூரா என்ற இத்தாலிய மருத்துவர் 1924-இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். நூறு வருஷம் ஆகியும் ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. முன்பு வயிற்றில் செய்த ஆபரேஷன், அடிபட்டது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது, எங்கோ பதுங்கியிருக்கும் புற்று என்று ஒரு சந்தேகப் பட்டியல் இருக்கிறது. எனக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

அந்த மடிப்பையே மருத்துவம் வெகுகாலம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. லியனார்டோ டா வின்சி அதை ஒரே தொடர்ச்சியாக வரைந்து வைத்திருந்தார். 1885-இல் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன் அது துண்டு துண்டாக இருக்கிறது என்றார், பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. அயர்லாந்தில் லிமெரிக்கைச் சேர்ந்த கால்வின் காஃபி 2016-இல்தான், இது தொடர்ச்சியான ஒன்று, தனி உறுப்பாகவே கருத வேண்டும் என்று எழுதினார். நான் மண்டியில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதிய காலம் முழுக்க எனக்குள் இருந்த ஓர் உறுப்பு, உறுப்புகளின் கணக்கில் வரவே இல்லை. அதற்குள் என் ஜாதகம் பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஆமாம், காரணம் சொல்ல ஆள் இல்லை என்று எழுதினேன். மருத்துவர்களில் இல்லை. மற்றவர்களில் நிறையப் பேர் இருந்தார்கள். ஜோசியர் அஷ்டமச் சனி என்றார். என் சொந்த அக்கா, "தம்பி, தாத்தா காலத்துல குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவ வித்துட்டாங்கடா, அது ஒங்கிட்ட வந்து நிக்குது" என்று அழுதது. மண்டி முதலாளி, "நீங்க யாருக்கும் கெடுதல் பண்ணதில்லையேய்யா" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான், ஆனால் யோசித்தால் அதுவும் அதே கணக்கு. கெடுதல் செய்தவனுக்கு வரவேண்டியது முகவரி மாறி வந்துவிட்டது என்கிறார். என் மகன் இன்னும் ஒருபடி மேலே போய், நான் முப்பது வருஷம் குடித்த மண்டி டீயையும் உட்கார்ந்தே இருந்ததையும் காரணமாக்கினான். அவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பாவம் என்ற சொல் இருந்த இடத்தில் லைஃப்ஸ்டைல் என்று வைத்துக்கொண்டான், வாக்கியம் மாறவில்லை.

நோய் பிடிபட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொப்புளைச் சுற்றி வலி, சாப்பிட்டால் உப்புசம், மாலையில் லேசான காய்ச்சல், எடை இறங்குவது. இந்த நாட்டில் இதை வைத்துக்கொண்டு போனால் முதலில் வயிற்று டிபி என்றுதான் நினைப்பார்கள். அது தப்பும் அல்ல, நமக்கு அதுதான் அதிகம். நிரூபணம் ஆகாமலே எனக்கு டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி, சிடி ஸ்கேன். காண்ட்ராஸ்ட் மருந்து கலந்த தண்ணீரை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். பிறகு கையில் ஊசி வழியாக இன்னொன்று ஏற்றும்போது தொண்டையிலிருந்து ஒரு சூடு கிளம்பி அடிவயிறு வரை இறங்கும், வேட்டியிலேயே போய்விட்டோமோ என்று பதறுவோம். போயிருக்காது. அந்த மருந்தின் குணம் அது. ஸ்கேன் பார்த்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பாக இருக்கவேண்டிய கொழுப்பு ஓரிடத்தில் மட்டும் பனி மூட்டம் போட்டது போல வெளுத்திருந்தது. அதற்கு அவர்கள் மிஸ்டி மெசென்டரி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லிம்போமா என்ற புற்றும் இப்படித் தெரியும் என்பதால் வயிற்றில் சிறு துளைகள் போட்டு சதை எடுத்தார்கள். புற்று இல்லை, டிபி இல்லை என்று வந்தது. வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மூன்று படி வைத்திருக்கிறார். நோயைக் கண்டுகொள், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுகொள், பிறகு தணிக்கும் வழியைப் பார். என் டாக்டர் முதல் படியிலிருந்து மூன்றாவது படிக்குத் தாவினார். நடுவில் படியே இல்லை, அவர் என்ன செய்வார். "ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். என்ன செய்யலாம்னு தெரியும்" என்றார். நோய் வந்ததிலிருந்து என்னிடம் பேசியவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

கொடுத்தது ஸ்டீராய்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் 40 மில்லிகிராம். கூடவே டாமாக்சிஃபென், காலையும் இரவும் பத்துப் பத்து. அமெரிக்காவில் மேயோ கிளினிக் 92 நோயாளிகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் குணம் தெரிந்தது என்று இருக்கிறதாம். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று 92 பேர் என்றால் நோய் எவ்வளவு அரிது என்று பாருங்கள். டாமாக்சிஃபென் மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் மாத்திரை. மெடிக்கலில் பையன் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கா சார்?" என்றான். எனக்கு என்றதும் இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

ஸ்டீராய்டு தூக்கத்தைத் தின்றது. நடுராத்திரியில் பசி எடுக்கும். அடுக்களையில் விளக்கைப் போடாமல் மோர்சாதம் பிசைந்து சாப்பிடுவேன். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. கல்யாண வீடுகளில் "நல்லா தேறிட்டீங்க, முகத்துல களை வந்துடுச்சு" என்றார்கள். பலாப்பழ சீசனில் ஊரே மணக்கும்போது என் மனைவி சுளையை என் கண்ணில் படாமல் எடுத்துப்போய் பக்கத்து வீட்டில் வைத்துச் சாப்பிட்டது தனிக்கதை.

அந்த ராத்திரிகளில்தான் நான் கேள்வியை உட்கார்ந்து பார்த்தேன். நான் கணக்குப் பிள்ளை. சைவம் சொல்கிற வினையைக் கணக்காகப் பார்ப்பது எனக்குப் பழக்கமானதுதான். சஞ்சிதம் என்பது பழைய பேரேட்டிலிருந்து கொண்டுவந்த இருப்பு, பிராரத்தம் இந்த வருஷத்துச் செலவு, ஆகாமியம் புதிதாக எழுதுவது. சரி. ஆனால் அந்தப் பழைய பேரேட்டை யாரும் என்னிடம் காட்டியதில்லை. ஒரு வவுச்சர் இல்லை. எந்தத் தேதி, யாருக்கு என்ன கெடுதல், ஒரு வரி இல்லை. இப்படி ஒரு பற்றை மண்டியில் யாராவது என் பேரில் எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேனா?

சித்தாந்தத்தில் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் ஈசனை மருத்துவருக்கு ஒப்பிடுகிறார். வைத்தியர் சில நோயைக் கத்தி வைத்துத் தீர்ப்பார், சில நோயைச் சர்க்கரையும் பாலும் கொடுத்துத் தீர்ப்பார், அதுபோல் இறைவன் துன்பமும் இன்பமும் ஊட்டி வினையைத் தீர்க்கிறான் என்பது கருத்து. அழகான ஒப்பு, நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் உடம்பில் வைத்துப் பார்த்தபோது இடித்தது. என் நோய்க்குக் கத்தி உதவாது. குடல் அடைத்துக்கொண்டால் ஒழிய வெட்ட மாட்டார்கள், வெட்டினாலும் அந்த மடிப்பை முழுக்க எடுக்க முடியாது, இரத்தக்குழாய் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சர்க்கரை ஸ்டீராய்டால் ஏற்கெனவே கூடுதல். அது கிடக்கட்டும், விளையாட்டுக்குச் சொன்னேன். உண்மையான தடை வேறு. வைத்தியர் வெட்டுவதற்கு முன்னால் என்ன நோய், ஏன் வெட்டுகிறேன் என்று நோயாளியிடம் சொல்கிறார், கையெழுத்து வாங்குகிறார். துன்பம் மருந்து என்றால், அதைச் சாப்பிடுகிறவனிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வியோடுதான் பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் புராணத்தை மறுபடி எடுத்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் நோயாளியாகப் படித்தபோது வேறு இடத்தில் கண் நின்றது. சூலை ஏன் வந்தது என்பதைச் சேக்கிழார் தெளிவாகச் சொல்கிறார். தம்பியை மீட்டுத் தரும்படி அக்கா திலகவதியார் வேண்டுகிறார். ஈசன் அவர் கனவில் வந்து, உன் தம்பி முன்பே நம்மை அடையத் தவம் செய்தவன், சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்கிறார். காரணம் சொல்லப்பட்டது, அக்காவுக்கு. வலிக்கப் போகிற தம்பி அப்போது வேறு ஊரில் மடத்தில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு வலி வருகிறது. சமணத் துறவிகள் மயிற்பீலியால் தடவுகிறார்கள், மந்திரித்த நீர் கொடுக்கிறார்கள். சேக்கிழார் அவர்கள் மேல் இரக்கமில்லாமல்தான் எழுதுகிறார், ஆனால் அவர்கள் கைக்கு எட்டியதைச் செய்தார்கள் என்று எனக்குப் படுகிறது. எனக்கு டிபி மாத்திரை கொடுத்தவரும் அப்படித்தானே. வலி தாங்காத தம்பி சமையல் ஆளை அக்காவிடம் அனுப்புகிறார். அந்த மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிடுகிறார். தம்பி இரவோடு இரவாகத் தானே வருகிறார், காலில் விழுகிறார். இது சடையான் அருள்தான், எழுந்து அவனைப் பணிந்து தொண்டு செய் என்ற அளவில் அக்காவின் பேச்சு முடிந்துவிடுகிறது. கனவையோ முற்பிறவியையோ அவர் தம்பிக்கு விளக்கியதாகச் சேக்கிழார் பாடவில்லை. கட்டிக்கொள்ள இருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது, இந்தத் தம்பி அழுததற்காகவே உயிரை வைத்திருந்தவர் அவர். அந்த நேரத்தில் விளக்கம் வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திருநீற்றை எடுத்துக் கொடுத்தார், விடியுமுன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

இனி பதிகத்துக்கு வாருங்கள். நான்காம் திருமுறையின் முதல் பதிகம், கொல்லிப் பண். அருள் என்று கேட்டுவிட்டு வந்தவர் அங்கே நன்றி சொல்லவில்லை. நான் செய்த கொடுமைகள் எனக்குத் தெரியவில்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். வயிற்றுக்குள் குடலோடு சேர்த்து முறுக்குகிறது என்று வலிக்கிற இடத்தைச் சொல்கிறார், தாங்க முடியவில்லை என்கிறார், விலக்கு என்கிறார். பத்தாவது பாட்டிலும் வியர்த்துப் புரண்டு விழுந்து எழுகிறேன், வலியை விலக்கு என்றே கேட்கிறார். பதிகம் அங்கே முடிந்துவிடுகிறது. வலி போயிற்று என்று அந்தப் பத்துப் பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. வலி நீங்கியதையும் வானிலிருந்து நாவுக்கரசு என்று பெயர் வந்ததையும் ஐந்நூறு வருஷம் கழித்து 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லித்தான் விரிவாக அறிகிறோம். நீங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இல்லாவிட்டால் தள்ளாத வயது வரை உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்திருக்க முடியாது. நான் சொல்ல வந்தது, நாம் குணமானதற்குச் சாட்சியாகப் பாடுகிற பாட்டு குணமாவதற்கு முன்னால் எழுந்த பாட்டு.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர், கணையத்தில் அழற்சி, நாசரேத் பக்கத்துக்காரர். இதை அவரிடம் சொன்னபோது தலைமாட்டிலிருந்த வேதப் புத்தகத்தில் யோபுவை எடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஸ்டீராய்டு மட்டும் காரணமில்லை. அங்கேயும் அதே ஏற்பாடு. யோபு ஏன் துன்பப்பட்டார் என்பது முதல் இரண்டு அதிகாரத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது, கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு. யோபுவிடம் கடைசிவரை யாரும் அதைச் சொல்லவில்லை. புயலிலிருந்து கர்த்தர் பேசும்போதும் அதைச் சொல்லவில்லை. யோபுவின் நண்பர்கள் எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் வந்து ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்படுவது, முறையிட்ட யோபுவிடம் அல்ல, காரணம் சொன்ன அந்த மூன்று பேரிடம்.

எங்கோ பிறந்த இரண்டு கதை. இரண்டிலும் காரணம் பார்க்கிறவனுக்கோ படிக்கிறவனுக்கோ சொல்லப்படுகிறது, படுகிறவனுக்குச் சொல்லப்படுவதில்லை. இது கதை சொன்னவர்களின் கைமறதி என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அது நோயாளிக்கு ஆன மருந்து அல்ல. அதைப் பார்க்கிறவர்கள் தங்கள் பயத்துக்காக வைத்துக்கொள்கிறார்கள். என் அக்கா கிடாக் கதையைச் சொன்னது என்னைக் குத்த அல்ல, தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் இது வராது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள. கிடா விற்றதற்குப் பரிகாரம் செய்துவிட்டால் தீர்ந்துவிடும் அல்லவா? காரணமே இல்லாமல் வரும் என்றால் யாருக்கும் வரும். அதை ஏற்றுக்கொண்டு எப்படித் தூங்குவது? அக்கா மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. பரிகாரத்துக்குப் பணமும் கொடுத்தேன்.

எங்களுக்குத் திருவண்ணாமலையும் அப்படியொன்றும் தூரமில்லை, அதனால் ரமணரையும் உதாரணம் காட்டுவார்கள். கையில் வந்த சார்கோமாவைத் திரும்பத் திரும்ப வெட்டியும் 1950-இல் உடல் விழும்வரை அது தனக்கு வந்ததாகவே அவர் பேசவில்லை என்று. கும்பிடுகிறேன். எனக்கு எட்டாது. வலி என்னுடையது இல்லை என்று சொல்ல என்னால் முடியாது, அது மிகவும் என்னுடையதாக இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் வருகிறவர் கோயில் வாசலில் புரண்டு கத்தினவர்தான். அவர் மெய்ஞ்ஞானம் பெற்ற பின் பாடிய ஆயிரம் பாட்டைவிட அந்த முதல் பத்தும் எனக்கு நெருக்கம்.

ஆகவே என் வேண்டுதல் மாறிவிட்டது. முன்பெல்லாம் திருவதிகையில் நின்று, நான் செய்த பிழையை மன்னித்துவிடு என்று கேட்பேன். என்ன பிழை என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்பது ஒரு பொய், அதுவும் பயத்தில் சொல்கிற பொய். இப்போது தெரியாது என்றே சொல்கிறேன். வலி இன்ன இடத்தில் இருக்கிறது, இந்த வாரம் கூடியிருக்கிறது, எடு என்கிறேன். வீரட்டானேசுவரரிடம் சொல்வதும் டாக்டரிடம் சொல்வதும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான். ஸ்டீராய்டை இப்போது படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள், டாமாக்சிஃபென் தொடர்கிறது. போன ஸ்கேனில் மூட்டம் பெருகவில்லை, குறையவுமில்லை. சாப்பிட்ட பின் வரும் வலி பாதியாகியிருக்கிறது. குணமா என்று கேட்டால் டாக்டர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறார்.

அந்த ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பெஞ்சில் ஓர் அம்மா, மடியில் ரிப்போர்ட் பை, பக்கத்தில் மெலிந்துபோன பையன், கல்லூரி வயது. பையனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் போனதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நாங்க என்ன பாவம் பண்ணோம்னு தெரியலீங்கய்யா" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன், நெல்லிக்குப்பம் என்றார். அப்பர் கதை அவருக்கும் தெரிந்திருக்கும்.

"எனக்கும் தெரியலம்மா" என்றேன். "பையனுக்குச் சதை எடுத்தாங்களா?"

எடுத்தார்கள் என்றார்.

"அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் லேப்ல எழுதிக் கொடுத்துத் திருப்பி வாங்கி வெச்சுக்குங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா அதத்தான் மொதல்ல கேப்பாங்க. இல்லன்னா மறுபடி குத்துவாங்க." எந்தக் கவுன்ட்டர் என்று கேட்டார். எழுந்து போய்க் காட்டினேன்.